வெட்டிய காட்சிகளுடன்

"உங்க சீன் திரும்ப வந்துடுச்சாம்!" என்று மனைவி செல்போனை நீட்டினாள். மருந்துக்கடைக்காரர் போனை வாங்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது ஒரு தாதா படம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில், "நானும் அதுல நடிச்சேன், என் சீனை வெட்டிட்டாங்க" என்று அளந்துவிட்டார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். கல்யாணம் நடந்தது. முப்பது வருஷமாக அந்தப் பொய்யும் கூடவே குடித்தனம் செய்தது.

இப்போது படத்தைப் புதுப்பித்து, வெட்டியதையெல்லாம் சேர்த்துத் திரையிடுகிறார்கள்.

"கடையை யார் பாத்துக்குவா?"

"பூட்டுங்க."

"என் முதுகுதான் தெரியும்."

"உங்க முதுகு எனக்குத் தெரியாதா? டிக்கெட் எடுத்தாச்சு. என் தம்பியும் வர்றான்."

காய்ச்சல் என்றார். அவர் கடை மாத்திரையையே கொண்டுவந்து விழுங்க வைத்தாள்.

தியேட்டரில் அவள் கண்ணிமைக்கவில்லை. மச்சினன்தான் நச்சரித்தான். "எங்க மாமா உங்களைக் காணோம்?"

மதுக்கடைச் சண்டையில் தொப்பிக்காரன் ஒருவன் சுடப்பட்டு விழுந்தான். பாதி முகம்தான் தெரிந்தது. செத்தவன் இனி வரமாட்டான் என்ற தைரியத்தில், "அதோ, நான்தான்!" என்றார்.

மனைவி தன் கையை விலக்கிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாமா."

"என்னை எனக்குத் தெரியாதா?"

தொப்பிக்காரன் சாகவில்லை. வெட்டாத படமாயிற்றே! எழுந்து வந்தான், தொப்பியைக் கழற்றி முழு முகத்தையும் காட்டினான்.

"உங்களைவிட உயரமா இருக்காரே?"

"பூட்ஸ் போட்டிருந்தேன்."

"மூக்கு?"

"மேக்கப்."

அடுத்த காட்சியில் தொப்பிக்காரன் ஒரு நடனக்காரியை இழுத்து அணைத்து முத்தமிட்டான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மருந்துக்கடைக்காரர் ஆடிப்போனார். "அழாதேம்மா! அது நான் இல்ல. ஷூட்டிங் நடந்த பக்கமே நான் போனதில்ல. எல்லாம் புளுகு. மன்னிச்சுடு!"

அவள் திரும்பவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் குனிந்து அவர் காதில் சொன்னான்: "சும்மா இருங்க மாமா, அக்கா கட்டிக்க இருந்தவரு அந்தத் தொப்பிக்காரருதான், படம் வர்றதுக்குள்ள செத்துட்டாரு, அவர்கூட நடிச்சவருன்னு நம்பித்தான் அக்கா உங்களுக்குக் கழுத்தையே நீட்டிச்சு."