சாவியை எறிந்தால் எதிரி பணிவான்

அரைகுறையாகப் படித்தவர்களை நம்பி ஒரு நாட்டைக்கூட ஒப்படைத்துவிடலாம். லோடு வேனை ஒப்படைக்கக் கூடாது. இது எனக்கு விளங்கிய இடம் சாத்தூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதை.

அப்போது சென்னையில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குச் சிவகாசியில் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமாவின் பட்டாசு கம்பெனி மெயின் ரோட்டோரம். சரக்கை வைக்கும் குடோன் மண்பாதையின் உள்கோடியில். இன்னொரு பட்டாசு முதலாளியான செல்லப்பாண்டி அண்ணாச்சிக்குக் கம்பெனியே அந்தப் பாதைக்குள் இருந்தது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். சீசன் நேரத்தில் எங்கள் வேனும் அவர் வேனும் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

“எப்பவும் நம்ம வண்டிதான் பின்னால போகுது. அந்த மனுசன் அசைய மாட்டாரு” என்று ஒருநாள் சாப்பிடும்போது மாமா புலம்பினார்.

நான் விட்டேனா? இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று மிரட்டுவதை இரண்டு கார்கள் நேருக்கு நேர் பாய்ந்து வருவதாகக் கற்பனை செய்து வகுப்பில் பாடம் நடத்தியிருந்தார்கள். முதலில் விலகுகிறவர் கோழை. இருவருமே விலகாவிட்டால் இருவரும் காலி. ஜெயிக்க ஒரு வழி உண்டு: எதிரி பார்க்கும்படி ஸ்டீரிங்கைக் கழற்றி வெளியே எறிந்துவிடுவது. இனி இவனால் விலகவே முடியாது என்று தெரிந்தால் எதிரி விலகித்தானே ஆகவேண்டும்?

“ஸ்டீரிங்கு என்ன விலைன்னு தெரியுமா ஒனக்கு?” என்றார் மாமா.

“சாவியை எறிஞ்சா போதும் மாமா.”

மாமா யோசித்தார். “சரி, நீயும் வண்டில போ. யோசன சொன்னவுக கூட இருக்கணும்.”

மறுநாள் மத்தியானம் டிரைவர் கருப்பசாமி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பின்னால் பெட்டி பெட்டியாகச் சரவெடி. மேற்கே வானம் கறுத்திருந்தது. (பாடப்புத்தகத்தில் வானிலை பற்றி எதுவும் இல்லை.) நடுவழியில் அண்ணாச்சியின் வேன் வந்தது, அதுவும் முழு லோடோடு. டிரைவர் பக்கத்தில் அண்ணாச்சியே இருந்தார். ஹாரன் அடித்தார்கள். நான் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சாவியை உருவி, அவர் கண் முன்னால் ஆட்டிக் காட்டிவிட்டு முள்ளுக்குள் எறிந்தேன்.

அண்ணாச்சி என்னை நிதானமாகப் பார்த்தார். தன் வண்டிச் சாவியை உருவி, என்னைவிடத் தூரமாக எறிந்தார்.

பேராசிரியர் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, இரண்டு பேருமே விலகாத கடைசிக் கட்டத்தில் மைனஸ் நூறு என்று எழுதியிருந்தார். நானும் அழகாகக் காப்பி எடுத்துக்கொண்டேன். மைனஸ் நூறுக்கு வெடிமருந்து வாசனை அடிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அப்போது இடி இடித்தது. இடி இடித்தால் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவிட வேண்டும் என்பதைச் சிவகாசியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே இரண்டு வேன் பட்டாசு, மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு, வெட்டவெளியில்.

“பாப்பா, சாவியத் தேடு. இல்லன்னா நம்மளத் தேடுவாக” என்றார் கருப்பசாமி அண்ணன். மாற்றுச் சாவி சிவகாசியில், மாமாவின் பீரோவில் இருந்தது.

நாலு பேரும் முள்ளுக்குள் தவழ்ந்தோம். துழாவிய வேகத்தில் எது முள், எது விரல் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் சாவி எப்படித் தெரியும்? பக்கத்திலேயே அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

“ஏத்தா, இத ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

“பாடத்துல இருக்கு அண்ணாச்சி.”

“எந்த நாட்டுக்காரன் ஜெயிச்சான்?”

“அந்தப் பக்கம் நான் இன்னும் படிக்கல.”

கடைசியில் அவர் சாவி என் கையில் கிடைத்தது. என் சாவி அவர் கையில் கிடைத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் கொடுப்பவருக்குத்தான் நஷ்டம் என்று இதற்கும் ஒரு பாடம் உண்டு. அடுத்த இடி இடித்தது. அந்தப் பாடத்தை அப்படியே முள்ளில் விட்டுவிட்டு, சாவியை அவர் கையில் திணித்தேன். “இந்தாங்க அண்ணாச்சி, நீங்களே போங்க, நாங்க பின்னால போறோம்.” அழுதுகொண்டே சொன்னதாகக் கருப்பசாமி அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறார்.

“வேணாம், நீங்க போங்க. நான் பின்னால எடுக்கிறேன்” என்றார் அண்ணாச்சி. எங்கள் சாவியை அவரும் என் கையில் திணித்தார்.

பயத்தில் இருவரும் சொன்னதைச் செய்தோம். நாங்கள் மெயின் ரோடுவரை ரிவர்ஸிலேயே போனோம். அவர் தன் கம்பெனிவரை ரிவர்ஸிலேயே போனார். பாதை காலியாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு லோடும் போய்ச் சேரவில்லை.

மறுவாரமே மாமாவும் அண்ணாச்சியும் சேர்ந்து, பாதை நடுவே முள்ளை வெட்டி, வண்டி ஒதுங்க இடம் போட்டார்கள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

இப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் சொத்துப் பேச்சோ சம்பந்தப் பேச்சோ எது நடந்தாலும் என்னை முதலில் ஏதாவது வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். என் கல்யாணப் பேச்சின்போதும் அப்படித்தான். வெற்றிலையோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது.

“ரெண்டு வீட்டுக்கும் சேதமில்லாம முடிஞ்சது” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா பெருமையாகச் சொன்னார்.