ஈரோட்டு மஜீத் பாய் சாய்ந்த திண்டு

கோட்டைமேடு, கோவை
12.6.1994

மதிப்பிற்குரிய அப்துல் மஜீத் பாய் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மெத்தைக் கடை உமர் பாரூக் எழுதுவது. இங்கு நான், மனைவி சாஜிதா பேகம், மகள் சஃபியா மூவரும் நலம். தங்கள் முதுகின் நலம் அறிய ஆவல்.

பெண் பார்க்க வந்த இடத்தில் நடந்தது முழுக்க என் தப்பு. சஃபியா செடிகளைப் பற்றிப் படிக்கிறவள். ஊட்டி மலையில் எந்த உயரத்தில் எந்தப் பூச்செடிக்கு இலையில் எவ்வளவு முடி என்று பார்ப்பதுதான் இந்த வருடம் அவள் வேலை. "மேல போகப் போகச் சில செடிக்கு முடி அடர்த்தியாயிருமுங்க அத்தா, குளிருக்குப் போர்வையாட்ட. செந்தட்டி முடி மட்டும் வேற, தொட்டவனை அரிச்சே கொன்னுரும்" என்றாள். எனக்குப் போர்வை என்றதோடு காது அடைத்துவிட்டது. முப்பது வருடம் இலவம்பஞ்சு அடைத்தவன் இல்லையா, சம்பந்தி சாயும் திண்டில் மலைப்பஞ்சு வைத்தால் ஈரோடே பேசுமே என்று ஆசை. மொட்டை மாடியில் அவள் பறித்து வந்த இரண்டு சாக்கு இலை காய்ந்துகொண்டிருந்தது. தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஊசி பிடித்துக் காய்த்த விரலுங்க, இரண்டும் மெத்தென்றுதான் பட்டது. எடுத்துத் திண்டில் அடைத்துத் தொலைத்தது செந்தட்டிச் சாக்கு.

தாங்கள் "நிக்காஹ் தேதி..." என்று வாயெடுத்துச் சாய்ந்தீர்கள். துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடவும், சம்பந்தம் பிடிக்கவில்லை போல என்று என் மச்சான் தங்கள் காலைக் கட்டிக்கொண்டான். தாங்கள் சொறியவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நிற்க, சாஜிதா ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப்போட்டாள். அது அரிப்பைக் கிளறிவிட்டதாம். பிரியாணி அண்டாவைத் திறக்கவே இல்லைங்க.

மகளோ "என்ற இலையெல்லாம் போச்சுங்களே" என்று அழுகிறாள், மாப்பிள்ளை போனதற்கு ஒரு சொட்டில்லை. கவலையெல்லாம் எனக்குத்தான். ஒரே பெண். தங்கள் ரியாஸ் மாதிரி பையன் இனி எங்கே கிடைப்பான்? தாங்கள் மன்னித்தால் அவள் இனி மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள், இது என் வாக்கு. இறைவன் தங்களுக்குச் சுகத்தையும் என்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

துஆவுடன்,
உமர் பாரூக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தங்கள் மகன் ரியாஸ் கடைக்கு வந்து நிற்கிறார். தங்களின் பத்து வருட முதுகுவலி அன்றோடு போய்விட்டதாம். "அத்தா இன்னொரு திண்டு கேட்டாருங்க மாமா" என்கிறார். ஆகவே மேற்படி வாக்கு ரத்து. "இது மருந்துன்னு நான் சொல்லமாட்டேனுங்க" என்கிறாள் சஃபியா. ஆனால் இலை வேண்டுமானால் அவள் மலை ஏற வேண்டும், ஏறுவதற்குப் படிப்பு தொடர வேண்டும், அதற்குச் சம்மதித்து நிக்காஹ் தேதி எழுதி வந்த பிறகுதான் திண்டு என்றும் எழுதச் சொல்கிறாள். தங்கள் மகனும் அவள் பக்கம்தான் நிற்கிறார்.