மூன்று பம்பரும் இரண்டு அங்குலமும்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வரைபடக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும். வாய் கொப்பளித்ததும் முடிவைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார். எல்லா விஷயத்திலும் வேண்டாம். பம்பர் விஷயத்தில் மட்டும் எடுபட்டால் போதும்.

அவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நிறைய பேர் அவர் போட்ட அளவில்தான் தினமும் படி ஏறி இறங்குகிறார்கள். கால் அங்குலம் பிசகினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவில் வேலை. கையுறையோ கட்டிலோ, அவள் கையெழுத்து இல்லாமல் உள்ளே நுழையாது. வீட்டிலும் அதே சட்டம். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விசாரித்து, மூன்று கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான். மிக்சி அப்படித்தான் வந்தது. குளியலறைக் கதவு அப்படித்தான் வந்தது.

"கல்யாணத்துக்கு மட்டும்தான் ஒரே ஒரு கொட்டேஷனோட முடிச்சுட்டேன். அதுல கத்துக்கிட்டேன்" என்று அவள் விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. விருந்தாளிகள் சிரிப்பார்கள். வரைபடக்காரரும் சிரிப்பார். வேறு வழி?

வண்டி வாங்கி இரண்டு வருஷம். நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். பாறை ஏறும், சேற்றில் இறங்கும், ஓடையைக் கடக்கும் என்று கூட வந்த புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இந்த இரண்டு வருஷத்தில் அது தார் ரோட்டை விட்டு இறங்கியது ஒரே ஒரு தடவை, குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தபோது. அடுத்த மாதம் வண்டிக்காரர்கள் சங்கம் மலைக்குப் போகிறது. சங்கத்தில் எல்லார் வண்டிக்கும் முன்னால் இரும்பு பம்பர். இவர் வண்டிக்கு மட்டும் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. "பிளாஸ்டிக் சார் வந்தாச்சா? அவரைக் கடைசியில விடுங்கப்பா, எங்கயாவது இடிச்சு உடைஞ்சுடப் போகுது."

நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் பிளாஸ்டிக்காக இருப்பது?

இரும்பு பம்பருக்கு மனைவி தடை சொன்னதே இல்லை. அவளுடைய கண் வேறொன்றின் மேல். வண்டி நிற்கும் ஷெட்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு மின்சாரச் சூளை வாங்கினாள். களிமண்ணில் கிண்ணமும் குவளையும் செய்து சுடுவதற்கு. வார இறுதியில் அதற்கென்று வகுப்புக்குப் போகிறாள். அந்த வீட்டில் உண்மையாகவே மண்ணில் இறங்கியது அவள் ஒருத்திதான். சூளை வந்தது. வைக்க இடமில்லை. அனல் அடிக்கும், வீட்டுக்குள் வைத்துச் சுட முடியாது. சிமெண்ட் தரையும் காற்றோட்டமும் இருப்பது ஷெட்டில் மட்டும். ஆகவே எட்டு மாதமாக அது பெட்டி பிரிக்காமல் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில், சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி உம்மென்று உட்கார்ந்திருந்தது.

அப்போதே சண்டை போட்டு ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். வண்டி உள்ளே நின்று ஷட்டர் தரை வரைக்கும் இறங்குகிறவரை ஷெட் வண்டிக்கு. இறங்காவிட்டால் சூளைக்கு. வாசகம் வரைபடக்காரருடையது. ஷெட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். வண்டிக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஐந்து அங்குலம் மிச்சம் இருந்தது.

பல் தேய்த்த கையோடு அவர் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "வாங்க சார். அதே பம்பர்தானே? மூணு மாசமா வந்து தடவிக் கொடுத்துட்டுப் போறீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இத்தனை தடவை வர மாட்டாங்க."

அதேதான். நாலு மில்லி தகட்டை மடித்துச் செய்தது. சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டிருப்பதால் மேட்டில் ஏறும்போது தட்டாது. வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு நேராகப் போல்ட்டில் பிடிக்கும். இழுத்துக் கட்ட இரண்டு கொக்கி. ரேடியேட்டருக்குக் காற்றுப் போக வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக்கைவிட மூன்று அங்குலம்தான் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. ஷட்டர் இறங்கும்.

"இதுதான் வேணும். ஆனா எனக்கு மூணு கொட்டேஷன் வேணும்" என்றார் வரைபடக்காரர், குரலைத் தாழ்த்தி.

"ஒரே பம்பருக்கா?"

"இல்ல. இதுக்கு ஒண்ணு. இன்னும் ரெண்டு, யாரும் எடுக்காத மாதிரி."

பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது. "வீட்டுல காட்டணுமா? அப்படிச் சொல்லுங்க. எங்கிட்டயே மூணு லெட்டர்பேட் இருக்கு சார். பாதி ஆம்பளைங்க இதுக்குத்தான் வர்றாங்க."

இருவரும் உட்கார்ந்து யோசித்து இரண்டு மொக்கைகளைத் தயார் செய்தார்கள். ஒன்று, வெறும் குழாய் பம்பர். துணி காயப்போடலாம், அதற்குமேல் எதற்கும் ஆகாது. இன்னொன்று, பூதம். எண்பத்தைந்து கிலோ. மாட்டினால் வண்டி மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்கும். விளக்கு பாதி மறையும். நடுவில் அவருடைய ராஜகுமாரன். குழந்தையைக் கேட்டாலும் நடுவில் இருப்பதைத்தான் காட்டும்.

மாலையில் மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியை மாட்டினாள். நகத்திடுக்கில் களிமண் இருந்தது.

"ஓ, நீங்களா மூணு வாங்கிட்டு வந்தீங்க? சொல்லாமலேயேவா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அடேயப்பா." முதல் தாளை எடுத்தாள். "இது குழாய். யார் மேலயாவது மோதினா அவங்களே நிமிர்த்திக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. வேண்டாம்."

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

"இது எண்பத்தஞ்சு கிலோ. இதை மாட்டினா நான் பின் சீட்டுல உட்கார்ந்து சமன் பண்ணணும்."

"நீ எதுக்கு அவ்வளவு..." என்று தொடங்கியவர், வாக்கியத்தை எங்கே முடித்தாலும் வம்பு என்று தெரிந்து பாதியில் இறக்கிவிட்டார்.

அவள் நடுத்தாளை எடுத்தாள். வரைபடக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அதனால் இன்னும் கவனமாகப் பார்த்தார்.

"மோதினா ஏர்பேக் விரியுமா? அதோட சென்சாரை இந்த இரும்பு மறைக்குமா?"

"மறைக்காது. இடம் விட்டுச் செஞ்சிருக்கான்."

"ரேடியேட்டர் சூடாகுமா?"

"காத்து போக வழி இருக்கு."

"எடை?"

"நாற்பத்திரண்டு. ஸ்பிரிங் தாங்கும்."

"ஷட்டர்?"

இந்தக் கேள்விக்காகவே அவர் மூன்று மாதம் காத்திருந்தார். பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். ஷெட், வண்டி, பம்பர், எல்லாம் அளவோடு. சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி. "ரெண்டு அங்குலம் மிச்சம்."

அவள் வரைபடத்தை நிறைய நேரம் பார்த்தாள். "நல்லா போட்டிருக்கீங்க" என்றாள். அந்த வீட்டில் அந்த வாக்கியம் கடைசியாக எப்போது கேட்டது என்று அவருக்கு நினைவில்லை. "சரி, இதையே எடுங்க."

அவ்வளவுதானா? வரைபடக்காரருக்குக் காது குளிர்ந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் எட்டு வாதங்கள் கைவசம் இருந்தன.

"ஆனா ஒண்ணு" என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலைக்குப் போறீங்க. சேத்துல மாட்டினா யாரு வந்து இழுப்பா? அந்த மோட்டார் வச்ச கயிறு, பேரென்ன, வின்ச். அது இல்லாம வெறும் பம்பரை மட்டும் வாங்கினா எப்படி? அதையும் சேர்த்து மாட்டிடுங்க. என் பரிசு."

வின்ச்! சங்கத் தலைவர் வண்டியில் மட்டும்தான் வின்ச் இருக்கிறது. அதைக் கேட்கிற தைரியம் அவருக்குக் கனவில்கூட வந்ததில்லை.

"நிஜமாவா?"

"பின்ன? உங்களைவிட எனக்கு என்ன பெரிசு?"

இருபத்தொரு வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் அவள் இப்படிச் சொன்னதில்லை. எச்சரிக்கையான ஒரு மனிதன் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்திருப்பான். வரைபடக்காரர் எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டார்.

அடுத்த சனிக்கிழமை பம்பர் ஏறியது. வின்ச்சும் ஏறியது. பம்பரின் நடுவில் மோட்டார், அதற்கு முன்னால் கயிறு வெளியே வருகிற உருளைகள், அதற்கும் முன்னால் சிவப்புப் பட்டை கட்டிய கொக்கி. பட்டறைக்காரர் துணியால் துடைத்துவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். "கல்யாண மாப்பிள்ளை சார்!" சங்கத்துக்குப் புகைப்படம் போனது. ஐந்தாவது நிமிஷம் தலைவரே பதில் போட்டார்: "இரும்பு சார், வாழ்த்துகள்." வரைபடக்காரர் அதைச் சிக்னலில் ஒரு தடவையும் சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு தடவையும் படித்தார்.

வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குள் பின்பக்கமாக ஏற்றினார். பின்சக்கரம் சுவரோரக் கட்டையில் முட்டி நின்றது. இறங்கி, வழக்கம்போல ஒரு கையால் ஷட்டரை இழுத்தார். கடகடவென்று வந்தது. தரைக்கு இரண்டரை அடி உயரத்தில் 'டங்' என்று நின்றது.

மறுபடி இழுத்தார். 'டங்.'

குனிந்து பார்த்தார். ஷட்டர் கொக்கியின் தலையில் உட்கார்ந்திருந்தது, பழகிய நாற்காலியில் உட்காருகிற மாதிரி. டேப்பை எடுத்து அளந்தார். உருளையும் கொக்கியும் சேர்ந்து பம்பருக்கு முன்னால் நாலரை அங்குலம். மிச்சம் இருந்தது இரண்டு. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் படிக்கட்டை அளந்த மனிதர், பரிசாக வந்த பொருளை மட்டும் அளக்கவில்லை. பரிசை யாராவது அளப்பார்களா?

மனைவி வாசலில் வந்து நின்றாள். ஷட்டரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கொக்கியைக் கழட்டி வைக்கலாம்" என்றார்.

"உருளை இருக்கே."

"வின்ச்சையே கழட்டிடலாம்."

"பரிசையா?" என்றாள் மெல்ல. "அதுவும் தலைவர் 'இரும்பு சார்'னு போட்ட பிறகா?"

வரைபடக்காரர் டேப்பைச் சுருட்டினார். அது சர்ரென்று உள்ளே போனது. "நீ இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சியா?"

"நான் என்ன செஞ்சேன்? நீங்க மூணு கொட்டேஷன் கொண்டு வந்தீங்க, நான் நல்லதாப் பார்த்து ஒண்ணு எடுத்தேன். ரெண்டு மொக்கையும் நடுவுல ஒரு நல்லதும் வச்சு நீட்டறவங்களை இருபது வருஷமா ஆபீஸ்ல பார்க்கறேன். அவங்ககிட்ட நான் சண்டை போடறதே இல்லை. கேட்டதைக் கொடுத்துடுவேன். கூட ஒண்ணும் சேர்த்துக் கொடுப்பேன். அதுல அவங்களே மாட்டிப்பாங்க."

கைவசம் இருந்த எட்டு வாதங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சூளையைப் பலகைமேல் வைத்துத் தள்ளி ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே அது கச்சிதமாக நின்றது. ஷட்டர் தரை வரைக்கும் இறங்கியது. வண்டி வெளியே மரத்தடியில் நின்றது. இரும்பாகத்தான் நின்றது.

"மழை வந்தா நனையுமே" என்றார் வரைபடக்காரர். குரலில் கொஞ்சம் ஈரம்.

"நனைய விடுவேனா?" மனைவி உள்ளே போய் ஒரு பெரிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்கு மேலே போர்த்துகிற உறை. தையல்காரரிடம் சொல்லித் தைத்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் போர்த்தினார்கள். சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. முன்பக்கத்தில் வின்ச்சும் கொக்கியும் நீட்டுகிற இடத்துக்கு மட்டும், நாலரை அங்குலத்துக்கு, அழகாக ஒரு மூக்கு வைத்துத் தைத்திருந்தது.

வரைபடக்காரர் உறையின் ஓரத்தில் குத்தியிருந்த ரசீதைத் திருப்பிப் பார்த்தார். அளவு கொடுத்த தேதி, அவர் பல் தேய்த்துக்கொண்டே அந்த முடிவுக்கு வந்ததற்கு முந்தின நாள்.