ஆட்டமடக்கி

மனித குலம் எதற்காகச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்று அறிஞர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதம் 1983-ஆம் ஆண்டிலேயே பழவேற்காடு ஏரிக்கரையில் முடிந்துவிட்டது என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது. கடலோர மக்கள் முன்னேற்ற அலுவலர் திரு. சம்பந்தம் சட்டையில் காப்பி கொட்டாமல் பயணம் போகத்தான் சக்கரம் உருண்டது.

சம்பந்தத்தின் அலுவலகம் பொன்னேரியில் இருந்தது. அவருடைய பொறுப்பில் ஒரு ஜீப்பும், அதை ஓட்ட ஜெகபர் அலியும், அவர்களுக்குப் பின்னால் 'கடலோர மக்கள்' எனப்பட்டவர்களும் இருந்தார்கள். முக்கியத்துவமும் அதே வரிசையில்தான்.

ஒருநாள் நண்டுக்குப்பத்திலிருந்து முனியம்மா மனுவோடு வந்தாள். இறால் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்பவள். குரல் கூடைக்கு முன்னால் வந்து சேரும். அவளுடைய மருமகள் தேவகிக்கு இடுப்பு வலி எடுத்து, மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஏரிக்கரை வளைவில் கிடக்கும் பெரும்பள்ளத்தில் வண்டி இறங்கி அச்சு முறிந்துபோனது. பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே பிறந்துவிட்டது.

"குழந்தை நலமா? என்ன பெயர் வைத்தீர்கள்?" என்று சம்பந்தம் அன்போடு விசாரித்தார்.

"பள்ளத்துல பொறந்தான், பள்ளிகொண்டான்னு வெச்சிட்டோம் சார். தாயும் புள்ளயும் பொழச்சது ஆண்டவன் புண்ணியம். அடுத்த வாட்டி ஆண்டவன் வேற வேலையா இருந்தா இன்னா பண்றது? ரோட்டப் போட்டுக் குடுங்க."

சம்பந்தம் உருகிப்போனார். அன்றே நேரில் ஆய்வு செய்யப் புறப்பட்டார். இந்த வேகம் அலுவலகத்தின் வரலாற்றில் இல்லாதது.

வளைவு வந்தது. பள்ளம் வந்தது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிளாஸ்கிலிருந்து அப்போதுதான் ஊற்றிய காப்பி, அவருடைய வெள்ளைச் சட்டையின் மார்பில் பதக்கம்போல் படிந்தது.

"ஜெகபர், வண்டி ஏன் சாய்கிறது?"

"பள்ளம் சார்."

"பள்ளம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் வண்டியைப் பற்றிக் கேட்கிறேன்."

இந்தக் கேள்வியில்தான் அவருடைய மேதைமை வெளிப்பட்டது. சாதாரண மனிதர்கள் பள்ளத்தைப் பார்ப்பார்கள். சம்பந்தம் ஜீப்பைப் பார்த்தார்.

அதே வாரம் பல் வலிக்காக மெட்ராஸ் போனவர், மருத்துவரின் காத்திருப்பு அறையில் பழைய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்றைப் புரட்டினார். வண்டியின் பின் அச்சையும் அடிச்சட்டத்தையும் ஒரு முறுக்குக் கம்பியால் பிணைத்துவிட்டால், வளைவில் வண்டி சாயாதாம். கம்பி தடிக்கத் தடிக்க ஆட்டம் குறையுமாம். சம்பந்தம் பல் வலியை மறந்தார். பல்லையும் மறந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

மறுநாள் அவசரக் கூட்டம். எழுத்தரும் ஜெகபரும் கலந்துகொண்டார்கள்.

"இதற்கு 'ஆட்டமடக்கி' என்று பெயர் சூட்டுகிறேன்" என்றார் சம்பந்தம்.

"ஆட்ட மடக்கவா சார்? நம்ம ஆபீசுல ஆடே இல்லியே" என்றான் ஜெகபர்.

விளக்கம் தரப்பட்டது. தீர்மானமும் நிறைவேறியது: 'பள்ளத்தை நிரப்பினால் அந்த ஒரு பள்ளம் மட்டுமே சரியாகும். ஜீப்பைச் சரிசெய்தால் எல்லாப் பள்ளங்களும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். ஆகவே மக்கள் நலன் கருதி, ஜீப்பைச் சரிசெய்யலாம்.'

மெட்ராஸ் புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடையிலிருந்து விரல் கனத்தில் ஒரு கம்பி வந்தது. மெக்கானிக் பின்னால் மாட்டிக் கொடுத்தார். வளைவில் போய்ப் பார்த்தார்கள். சாய்வு குறைந்திருந்தது, சட்டையில் தெறித்தது சில சொட்டுகள் மட்டுமே. வேறு யாராவது இருந்தால் திருப்திப்பட்டிருப்பார்கள். சம்பந்தத்துக்கோ அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. "மக்களுக்குச் செய்வதை அரைகுறையாகச் செய்யலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள், "சட்டையைக் கழற்றிப் போடுங்கள், ஊற வைக்க வேண்டும்" என்றார்.

அடுத்து வந்தது லாரிக் கம்பி. மணிக்கட்டு கனம். வெட்டி, வளைத்து, பற்றவைத்து மாட்டியபோது ஜீப்பின் பின்புறம் விறைத்து நின்றது. ஜெகபருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. டீக்கடையில் கண்டவனையெல்லாம் கூப்பிட்டு, "வண்டியா இது? பாறை வாத்தியாரே, பாறை! ஏறி நின்னு குதி, அசையுதா பாரு" என்றான். குதித்தவர்களுக்குக் கால் வலித்தது. ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளோட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து மேலதிகாரி வந்தார். பெரிய ஆபீசர் வருகிறார் என்றதும் நண்டுக்குப்பத்தில், ரோடு போடத்தான் வருகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குப்பம் முழுக்க வளைவில் திரண்டது. முனியம்மா சாமந்தி மாலையோடு நின்றாள். தேவகி பள்ளிகொண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பிறந்த இடத்தைத் தள்ளி நின்று பார்த்தாள்.

பின் இருக்கையில் மேலதிகாரி. முன்னால் சம்பந்தம், கையில் விளிம்பு வரை நிரப்பிய காப்பி டம்ளருடன்.

"வேகம் பற்றாது ஜெகபர். அறிவியல் வேகம் கேட்கிறது."

ஜெகபர் அறிவியலுக்குக் கேட்டதைக் கொடுத்தான். வளைவு வந்தது. ஜீப் சாயவே இல்லை. உட்பக்கச் சக்கரம் ஒன்று மட்டும் தரையைத் தொட மறுத்து அந்தரத்தில் சுழன்றது. முன்பக்கம் ரோட்டோடு திரும்பியது. பின்பக்கம் ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டது. அடுத்த கணம், மாலை போடக் காத்திருந்த கூட்டத்தின் கண்ணெதிரே, ஜீப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், அன்னம்போல் ஏரியில் இறங்கி, சேற்றில் மட்டமாக அமர்ந்தது. தண்ணீர் இருக்கை வரை ஏறியது.

சம்பந்தம் டம்ளரை உயர்த்திப் பிடித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பார்த்தீர்களா சார்? ஒரு சொட்டுச் சிந்தவில்லை!"

"நாம் எங்கே இருக்கிறோம்?" என்றார் மேலதிகாரி. அவர் மடியில் ஒரு இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஏரியில் சார். ஆனால் சமமாக."

குப்பத்து ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, படகு இழுக்கும் வடத்தை அந்த லாரிக் கம்பியிலேயே கட்டி, ஐலசா போட்டு இழுத்தார்கள். ஜீப் கரையேறியது, எஞ்சின் உயிர் பெறவில்லை. அதிகாரிகள் இருவரையும் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

வண்டி பள்ளத்தில் இறங்கியது. சம்பந்தத்தின் முதுகெலும்பு மேலே வந்து பின்மண்டையை முட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. 'ஐயோ' என்று அவர் வாய்விட்டுக் கத்திவிட்டார். ஓரமாக நின்றிருந்த தேவகி, "கெட்டியா புடிச்சிக்குங்க சார், இன்னொண்ணு கீது" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். வயிற்றில் பிள்ளையோடு, வலியோடு இந்தப் பெண் இப்படியொரு வண்டிப் பலகையில் கிடந்திருக்கிறாள் என்பது, மனுவில் படித்தபோது எட்டாத ஏதோ ஒரு இடத்தில் அவருக்கு எட்டியது. ரோடு போட்டே தீருவது என்று முடிவு செய்தார். அந்த முடிவு பொன்னேரி வரை உறுதியாக இருந்தது. வீட்டில் சலவைச் சட்டை மடித்துத் தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டதும் சரியாகிவிட்டது.

மேலதிகாரியின் அறிக்கையில் ஆட்டமடக்கிக்கு முழு வெற்றி அளிக்கப்பட்டது. விபத்துக்குக் காரணம், ஏரி 'பொருத்தமற்ற இடத்தில் அமைந்திருப்பது' என்று கண்டறியப்பட்டது. வண்டி சாயாத நிலையில், சாலை பற்றிய மனு 'தேவையற்றது' என முடித்துவைக்கப்பட்டது.

கடைசியாக, சாதனையைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று நண்டுக்குப்பத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சம்பந்தம் சுருக்கமாக நெடுநேரம் பேசினார். பிறகு முனியம்மா எழுந்தாள். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"கம்பி நல்ல கம்பி சார். ஊரே சேந்து வடம் போட்டு இஸ்தோம், வளையல, நெளியல."

"எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் சம்பந்தம்.

"ஒண்ணே ஒண்ணு சார். அதே மாரி ஒரு கம்பிய உங்க ஆபீசுக்கு அடியிலயும் யாரோ மாட்டி வெச்சிக்கிறாங்க. நாங்களும் எத்தினியோ வருசமா வந்து முட்டிப் பாக்கறோம், அசைய மாட்டேங்குது. மொதல்ல அதக் கழட்டுங்க."