நாடாளுமன்றத்தில் பாஸ் ஓவர் கேட்டவன்

குடி, சீட்டு, முன்கோபம் எதுவும் என்னிடம் கிடையாது. முறை தவறாமல் நடப்பது ஒன்றுதான் என் கெட்ட பழக்கம். டெல்லியில் என் மானத்தை வாங்கியதும் அதுதான்.

திருப்பூர் கோர்ட்டில் இருபத்தாறு ஆண்டுகள் சிவில் வக்கீலாக இருந்துவிட்டு எம்.பி. ஆனவன் நான். எதிர்த்தரப்பு வக்கீல் வராவிட்டால் வாதாட மாட்டேன். "பாஸ் ஓவர்" என்பேன். நீதிபதி மற்ற வழக்குகளைக் கவனித்துவிட்டு மறுபடி கூப்பிடுவார். ஆளில்லாத நேரத்தில் ஜெயிப்பது அழகில்லை என்பது எங்களுக்குள் எழுதப்படாத மரியாதை. (நான் மட்டும் டைரியில் எழுதி வைத்திருந்தேன்.)

முதல் கூட்டத்தொடரிலேயே, அவசரப் பிரச்சினைகளைப் பேசும் நேரத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. நூல் விலை உயர்வு பற்றி மூன்று நிமிடம். முந்தின நாள், நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்தும் குமரேசன் போன் செய்தார்.

"வாரத்துல மூணு நாள்தானுங்க மெசின் ஓடுது. இப்படியே போச்சுன்னா ஆளுகளை நிறுத்தோணுமுங்க. நாளைக்கு நீங்க பேசறதப் பாக்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்துருவமுங்க."

"பாயிண்ட் பாயிண்டா எழுதி வெச்சுட்டனுங்க" என்றேன்.

மறுநாள் மதியம் 12.22. என் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். எதிரே, பதில் சொல்ல வேண்டிய அமைச்சரின் இருக்கை காலி. இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் எனக்கு முன்பாக வாயைத் திறந்துவிட்டது.

"பாஸ் ஓவர், சார். அமைச்சர் வந்ததும் பேசுகிறேன்."

அவைத்தலைவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அடுத்த பெயரை அழைத்தார். மறுபடி கூப்பிடுவார் என்று காகிதங்களை அடுக்கிவைத்துக்கொண்டு கம்பீரமாகக் காத்திருந்தேன். ஒரு மணிக்கு அவை சாப்பாட்டுக்குக் கலைந்தது.

பக்கத்து இருக்கை மதுரைக்காரர் தோளைத் தட்டினார். "அண்ணே, இங்க விட்டா விட்டதுதான். அமைச்சர் வந்தாத்தான் பேசுவேன்னா, வாயத் தொறக்காமலே ஊருக்குப் போக வேண்டியதுதான்."

வெளியே வந்ததும் குமரேசனின் போன். "ஏனுங்க, எந்திரிச்சீங்க, ஒடனே உக்காந்துட்டீங்க. டிவிதான் கெட்டுப்போச்சுன்னு நான் ரிமோட்டைத் தட்டிக்கிட்டு இருந்தனுங்க."

அடுத்த கூட்டத்தொடரில்தான் மறுபடி வாய்ப்பு வந்தது. அன்றும் அந்த இருக்கை காலி. அதைப் பார்த்தே மூன்று நிமிடமும் பேசினேன். அதற்குள் குமரேசன் நான்கு பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். (நால்வர் பெயரும் டைரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வீட்டில் யாருக்கும் காட்டுவதில்லை.)

வீட்டுக்குத் தெரிந்தது சிரிப்பான மற்ற பாதி மட்டும்தான். தோசை வார்க்கும்போது நான் போனில் இருந்தால், மனைவி மகளிடம் திரும்புவாள்.

"உங்கப்பா பாஸ் ஓவர் கேக்கறாரு. நீ தட்டை நீட்டு கண்ணு."

அங்கேயும் மறுபடி கூப்பிடுவதில்லை.