இன்றைய கறை

உலக வரலாற்றில் அழுக்குக்கு உரிய மரியாதையை முதன்முதலாகப் பெற்றுத் தந்தவர் என் மச்சான்தான். உறவுப் பாசத்தில் இதைச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று இரண்டு மாதம் கண்ணால் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அவர் வருவதற்கு முன் எங்கள் லாண்டரி இருண்ட காலத்தில் கிடந்தது. அக்கா முதலாளி. அவள் துவைத்தாள், நான் இஸ்திரி போட்டேன். ஆட்கள் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, சுத்தமான துணியை வாங்கிப் போனார்கள். இந்தப் பிற்போக்கான முறை பதினோரு ஆண்டுகளாக எவராலும் கேள்வி கேட்கப்படாமல் நடந்துவந்தது. அலமாரிகள் பிதுங்கின. மூட்டைகள் கூரையைத் தொட்டன. கல்லாப்பெட்டிக்குப் போக வேண்டுமானால் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து, அவர்கள் அன்போடு கேட்டுக்கொண்டதற்கு இணங்க விலகியவர். வீட்டில் சும்மா இருக்கவில்லை. 'சமூக ஊடகம் வழியாகச் சிறுதொழிலைச் சிகரத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி' என்ற இரண்டரை மணி நேர ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, அன்றே பட்டம் பெற்றார். சான்றிதழை லேமினேட் செய்து கடையில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே தொங்கிய 'கறை போகாவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகை அதற்குப் பின்னால் போய்விட்டது.

முதல் ஆலோசனைக் கூட்டம் என் இஸ்திரி மேசையில் நடைபெற்றது. உறுப்பினர்கள் மூவரும் கலந்துகொண்டோம்.

"நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று மச்சான் கேட்டார்.

"வேலை இருக்கு" என்றாள் அக்கா.

"அதில்ல. உலகத்துக்குக் காட்ட என்ன இருக்கு? கறை இருக்கு. தினம் ஒரு கறை. முன்னாடி எப்படி, பின்னாடி எப்படி. சனங்க பைத்தியமா பாப்பாங்க. முனைக் கடைக்காரரைப் பாரு, அவரும்தான் லாண்டரி வச்சிருக்கார். அவருக்கு ஒரு பக்கம்கூட இல்ல. பாவம்."

"அவருக்கு என்னங்க பாவம்? நல்லாத்தானே இருக்கார்."

"அது அவருக்குத் தெரியல, அதான் பாவம்."

பிறகு எங்களை ஒதுங்கச் சொல்லி, மூட்டைகள் நிறைந்த கடையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "இது 'முன்'. ரெண்டே மாசம். இதே இடத்துல நின்னு 'பின்' எடுப்போம். அப்ப பேசு."

அக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்தாள். நான் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததில் ஒரு பேன்ட்டின் முழங்கால் கருகியது. அதுவும் கடைக் கணக்கில் 'இதர செலவு' என்று பதிவாயிற்று.

மச்சான் தொடங்கிய 'இன்றைய கறை' பக்கத்தின் முதல் நாயகன், பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு. பாக்கெட்டில் உருகி வழிந்த சாக்லேட். மச்சான் அதை, யாருடையது என்ற குறிப்போடு, நான்கு கோணங்களில், சோகமான இசையோடு படம் பிடித்தார். பிறகு வெள்ளை வெளேரென்று துவைத்த கோட்டு, மகிழ்ச்சியான இசை. எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். 'இது என்ன கறை?' என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதிய முதல் ஆள் டாக்டரின் நோயாளி. 'எனக்கு மட்டும் சாக்லேட் கூடாதுன்னு சொன்னாரே' என்றும் கூடவே எழுதியிருந்தார்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் சட்டைக் காலர். அதில் கறுப்பாக ஒரு வளையம். தலைச்சாயம் என்று மூவாயிரம் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் வகுப்பில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சரியான விடை சொன்னது அதுதான் முதல் தடவையாம்.

புகழ் பரவியது. அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் ஒரு பையோடு வந்தார். உள்ளே ஐந்து சட்டைகள், துவைத்து, காயவைத்து, மடித்து.

"துவைக்கணும்" என்றார்.

"துவைச்சிருக்கே சார்" என்றாள் அக்கா.

"ஆமா. வீட்டுல துவைச்சேன். இப்ப நீங்க துவைங்க."

"எதுக்கு சார்?"

"உங்க கடைக்கு அழுக்கா கொண்டு வர முடியுமாம்மா? ஊரே பாக்குது."

அந்த மாதக் கடைசிக்குள் எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் இந்த உயர்ந்த பண்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். பல் டாக்டர் பாக்கெட்டுகளையே வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினார். ஒரு அம்மா, மேசைவிரிப்பைக் கொடுத்துவிட்டு, அது தன்னுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வீட்டில் துவைக்கத் தெம்பில்லாதவர்கள் முனைக் கடைக்குப் போனார்கள். அங்கே அழுக்கை ஏன், எப்படி என்று கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்களாம். என்ன ஒரு தொழில்முறையின்மை.

"ஆளே வரல" என்றாள் அக்கா.

"ஆளா? நாப்பதாயிரம் பேர் இருக்காங்களே" என்று மச்சான் போனைக் காட்டினார்.

"அதுல எத்தனை பேருக்கு நம்ம தெரு தெரியும்?"

"ஏம்மா, தெருவுக்குள்ளயே யோசிச்சா தெருவுலதான் நிப்போம்."

ஆனாலும் அவருக்கும் ஒரு நெருக்கடி வந்தது. கடையில் படம் பிடிக்க அழுக்கில்லை. சொந்தச் சட்டையில் மை கொட்டிக் காட்டினார். பின்தொடர்வோர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்கள். 'இது உண்மையான கறை அல்ல', 'பணம் வந்ததும் பழைய நேர்மை போய்விட்டது' என்றெல்லாம் எழுதினார்கள். ஒரே நாளில் இரண்டாயிரம் பேர் விலகினார்கள். மச்சான் சாப்பிடவில்லை. எந்தப் பணம் என்று அக்கா கேட்டாள்.

கடையில் மிஞ்சியிருந்த உண்மையான அழுக்கு ஒன்றே ஒன்றுதான். அது லாட்ஜ் மூட்டை. முப்பத்தாறு அறைகளின் விரிப்புகள், வாரம் இருமுறை வரும். கடை வாடகையும் எங்கள் சாப்பாடும் அந்த மூட்டையில்தான் இருந்தன. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளும் நெருங்கியிருந்தது.

"அந்த மூட்டையத் தொடாதீங்க" என்றாள் அக்கா.

"தொடல" என்றார் மச்சான்.

உண்மைதான். அவிழ்த்தவன் நான். அவர் ஒரு விரிப்பைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். யாரோ அதில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தார்கள். ஓரத்தில் நீல நூலில் லாட்ஜின் பெயர், அதன்கீழ் பதினான்கு என்ற அறை எண்.

"மச்சான், பேர் தெரியுது."

"தெரியணும் மாப்ள. பாடம் நாலு. வாடிக்கையாளர் பேரையும் சேர்த்துப் போட்டா, அவங்க ஆளுங்களும் நம்ம ஆளுங்க ஆயிடுவாங்க."

அந்த வீடியோவை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலை லாட்ஜ் மேனேஜர் நேரில் வந்தார். ஒருக்களிக்காமல், நேராகக் கல்லாப்பெட்டி வரை நடந்து வந்தார். அவ்வளவு இடம் இருந்தது.

"பதினாலாம் நம்பர்காரர் காலி பண்ணிட்டுப் போயிட்டார்" என்றார். "பதினஞ்சும் போயிட்டார். பதினாறு போகல. என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறார்."

"சார், பின்பகுதி பாத்தீங்களா?" என்று மச்சான் ஆர்வமாகக் கேட்டார். "எவ்ளோ வெள்ளையா வந்திருக்கு."

"முன்பகுதியிலயே எல்லாரும் எழுந்து போயிட்டாங்க தம்பி."

"கீழ பாருங்க சார், ஆறாயிரம் இதயம்."

மேனேஜர் அந்த ஆறாயிரத்தையும் பொருட்படுத்தவில்லை. அக்காவைப் பார்த்து, "உங்கமேல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். துவைத்தது, துவைக்காதது எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். வண்டி தெருமுனை வரை போய், முனைக் கடை வாசலில் நின்றது. நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். மச்சான் படம் பிடிக்கப் போனை எடுத்தார், அக்கா திரும்பிப் பார்த்தாள், உள்ளே வைத்துவிட்டார்.

மூன்று நாள் இயந்திரம் ஓடவில்லை. நான் சூடில்லாத இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். மூட்டையை அவிழ்த்த கை அது. வேறு என்ன செய்வதென்று அதற்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் அக்கா எழுந்து கடையைக் கழுவினாள். காலி அலமாரிகளைத் துடைத்தாள். தரையில் முகம் பார்க்கலாம்போல் ஆயிற்று. பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசம் ஆச்சுங்க. 'பின்' எடுக்கணும்னீங்களே" என்றாள். "நான் பேசுறேன். நீங்க பிடிங்க."

மச்சான் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. முதல்நாள் நின்ற அதே இடத்தில் நின்று பிடித்தார்.

அக்கா அவர் பாணியிலேயே ஆரம்பித்தாள். "வணக்கம் நண்பர்களே. இது முன்." மூட்டைகள் கூரையைத் தொடும் அந்தப் பழைய போட்டோவைத் தன் போனில் காட்டினாள். "நடக்க வழி கிடையாது. உக்கார நேரம் கிடையாது. எங்க பார்த்தாலும் அழுக்கு." கையை விரித்துக் கடையைக் காட்டினாள். "இது பின். ஒரு மூட்டை இல்ல, ஒரு துணி இல்ல. ரெண்டே மாசத்துல இவ்வளவு சுத்தமா துடைச்சு எடுத்தவர் எங்க வீட்டுக்காரர். உங்க கடையையும் இப்படி ஆக்கணும்னா அவரக் கூப்பிடுங்க." அவருடைய எண்ணை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னாள்.

மச்சான் வீடியோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பதிவேற்றினார். "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்றார். முதல் இதயம் அவருடையது.

மாலைக்குள் நான்கு அழைப்புகள். ரொட்டிக் கடை, சலூன், பாத்திரக் கடை. நான்காவது அழைப்பு முனைக் கடைக்காரர். "தம்பி, வீடியோ பாத்தேன். கடை என்னமா பளிச்சுனு இருக்கு. இங்க மூட்டை வைக்க இடமில்ல, நிக்க இடமில்ல. என் கடையையும் கொஞ்சம் அப்படிப் பண்ணிக் கொடுங்க. நீங்க கேக்கறதைத் தர்றேன்."

மச்சான் கண் கலங்கிவிட்டார். போட்டிக் கடைக்குப் போகலாமா என்று அக்காவைக் கேட்டார். திறமையை ஒளித்து வைப்பது பாவம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இன்று காலை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு நானே கஞ்சி போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சான்றிதழையும் ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தோம். அவர் முனைக் கடைப் படியேறும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து அலமாரிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"லாட்ஜ் மூட்டைக்குக் கீழ்த்தட்டைக் காலியா வை" என்றாள். "ரெண்டு மாசம் போதும் அவருக்கு."