தூக்கம் வராத இருமல் மருந்து

மருந்து விற்கிறவன் தன் மருந்தைத் தானே குடித்துப் பார்க்கக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது நான் டை கட்டுகிறவன்.)

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. அப்பாவின் மில்லில் பாதி நாள் வேலை கிடையாது. வீடே என் உத்தரவுக் கடிதத்துக்காகக் காத்திருந்தது. கருவடிக்குப்பம் டாக்டர் எங்கள் புது இருமல் சிரப்பை எழுதினால்தான் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டாக்டரோ விலை கேட்காமல் எதையும் எழுதாதவர். பெரும்பாலும் சீட்டே கிடையாது. நோயாளி கொண்டுவரும் காலி பாட்டிலில் தன் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றிக் கொடுத்துவிடுவார். இருமலுக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் ஏறக்குறைய அதுதான். எல்லோரும் பிழைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

மேனேஜர் நேரில் வருவதாகச் சொன்ன அன்று, அவர் வருவதற்கு முன்பே கிளினிக்கில் போய் நின்றேன்.

"விலை என்ன முசியே?" என்றார் டாக்டர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அவருக்கு எல்லோரும் முசியேதான்.

சொன்னேன். அவர் பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த மீன்காரம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, ஒரு பாட்டில் பன்னெண்டு ரூபாயாம். வாங்கறியா?"

"பன்னெண்டா? நான் இருமிக்கினே இருக்கேன் சாமி."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மத்த சிரப் மாதிரி இல்ல சார். இதைக் குடிச்சா தூக்கமே வராது" என்றேன். (கம்பெனியில் மனப்பாடம் செய்ய வைத்த வரி.)

"அப்போ நீங்களே குடிங்க. மேனேஜர் வர்ற வரைக்கும் முழிச்சிருந்தா, சீட்டு எழுதறேன்."

ஒரு மூடி போதும் என்றார். வீரத்தில் நான் இரண்டு மூடி குடித்தேன். மீன்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. மேலே ஃபேன் ஓடியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததை டாக்டர்தான் சொன்னார்.

மேனேஜர் உள்ளே நுழைந்தபோது என் தலை மீன்காரம்மாவின் தோளில், டை அவள் கூடைக்குள். அவர் என்னை உலுக்கப் போக, அந்தம்மா தடுத்திருக்கிறாள்.

"எழுப்பாதீங்க. மருந்து வேலை செய்யுது."

மேனேஜர் அசடு வழிய, சிரப் எப்படி என்று டாக்டரைக் கேட்டாராம். "இருமல் நிக்குமான்னு தெரியல. இவருக்கு இருமல் கிடையாது" என்றாராம் டாக்டர்.

நான் கண் விழித்தபோது மேனேஜர் போய்விட்டார், வேலையும் கூடவே போய்விட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்ததும் டாக்டர் எதிரிலேயே அழுதுவிட்டேன். அவர் கிளினிக்கைப் பூட்டி, ஸ்கூட்டரில் என்னை ஊரை ஒட்டியிருந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே சோப்புக் கம்பெனி முதலாளி அவருடைய நோயாளி.

"இவருக்கு ஸ்டோர்ல ஒரு வேலை குடுங்க முசியே. நம்பலாம். பொய் சொன்னா உடனே தூங்கிடுவாரு."

ஓய்வு பெறும்வரை அந்த ஸ்டோரில்தான் இருந்தேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் நான் எங்கே கண்ணசந்தாலும் "மருந்து வேலை செய்யுது" என்பாள், பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் டாக்டர் இறந்தார். மாதா கோயிலில் நடந்த அடக்கப் பூசையில், அழுகை வெளியே வந்துவிடக் கூடாதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். மனைவி மெல்ல என் விலாவில் இடித்தாள்.

"தூங்கறீங்களா?"

"இல்லை" என்று தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினாள்.

"மருந்து வேலை செய்யுது" என்றாள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.